மலை ரோட்டில் பின் ஸ்பிரிங் உடைந்தால்: நின்ற இடத்திலிருந்து கராஜ் வரை

பின் சஸ்பென்ஷனுக்கு இரண்டு வேலை. பாரத்தைத் தாங்குவது ஒன்று. அது எல்லாருக்கும் தெரியும். பின் அக்சலை, அதாவது இரண்டு பின் சக்கரத்தையும் இணைக்கும் தண்டை, அதற்குரிய இடத்தில் பிடித்து வைத்திருப்பது இன்னொன்று. வண்டி உடைந்து நடுரோட்டில் நிற்கும்போது பலருக்கும் மறந்துபோவது இந்த இரண்டாவது வேலைதான்.

தாங்கும் வேலை மட்டும் கெட்டால் வண்டி ஒரு பக்கம் சாயும், குலுக்கும், டயர் மட்கார்டில் உரசும். ஆட்களை இறக்கிவிட்டு, ஒரு கட்டையை வைத்துக் கட்டி, மெதுவாக உருட்டிக்கொண்டு டவுனுக்கு வந்துவிடலாம். பிடிக்கும் வேலை கெட்டால் அந்தக் கதையே வேறு. அடுத்த இறக்கத்தில் பிரேக்கை மிதித்ததும் அக்சலின் ஒரு பக்கம் பின்னால் இழுபடும், ஸ்டியரிங்கைத் தொடாமலே வண்டி திரும்பும். நம் ரோடுகளில் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். எந்தப் பக்கம் திரும்பும் என்று வண்டி நம்மைக் கேட்காது. ஆகவே, உடைந்தது எது என்று பார்ப்பதற்கு முன்னால் அக்சல் இன்னும் பிடிப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

உங்கள் வண்டிக்குக் கீழே என்ன இருக்கிறது

இலங்கையின் மலையகத்தில் ஓடும் ஜீப், கெப் (பிக்கப்) வண்டிகளைப் பின் சஸ்பென்ஷனை வைத்து இரண்டாகப் பிரிக்கலாம். பழைய லேண்ட் ரோவர் சீரிஸ் ஜீப்கள், மிட்சுபிஷி ஃபோர் டிஆர் ஃபைவ் ஜீப்கள், மஹிந்திரா பொலேரோ, டொயோட்டா ஹைலக்ஸ், மிட்சுபிஷி எல் 200 போன்ற டபள் கெப்கள், இவற்றில் பின்னால் இருப்பது பட்டை ஸ்பிரிங், அதாவது ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புப் பட்டைகள். 1983இல் வந்த லேண்ட் ரோவர் 110 (1990இல் இதற்கும் இதன் தம்பி 90க்கும் டிஃபெண்டர் என்று பெயர் வைத்தார்கள்), லேண்ட் க்ரூஸர் 80, 1998இல் வந்த ஜிம்னி போன்றவற்றில் கொயில் (சுருள்) ஸ்பிரிங்.

இந்த வித்தியாசம் முக்கியம். பட்டை ஸ்பிரிங்கில் பாரத்தைத் தாங்குவதும் அக்சலைப் பிடிப்பதும் அதே பட்டைதான். மேலே இருக்கும் மெயின் பட்டையின் முன் காது (வளையமாக மடித்த முனை) செசியோடு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தோடு, போல்ட்டில் மாட்டியிருக்கும். பின் காது ஷக்கிள் என்ற ஆடும் இணைப்பு வழியாக ஆடும். நடுவில் ஒரு சென்டர் போல்ட், அதன் தலை அக்சல் மேடையில் உள்ள துளைக்குள் உட்கார்ந்திருக்கும். அக்சல் முன்னும் பின்னும் நகராமல் இருப்பது அந்தச் சின்னத் தலையாலும், அதைச் சுற்றி இறுக்கிய யூ போல்ட்களாலும்தான். கொயில் வண்டியிலோ ஸ்பிரிங்குக்குத் தாங்கும் வேலை மட்டும். அக்சலைப் பிடிப்பது ட்ரெய்லிங் ஆர்ம்கள், அதாவது செசியிலிருந்து பின்னால் அக்சலுக்கு வரும் நீளக் கைகள். டிஃபெண்டரில் கூடுதலாக அக்சலின் தலைக்கு மேல் பந்து மூட்டோடு ஒரு ஏ வடிவச் சட்டம். ஜிம்னியிலும் லேண்ட் க்ரூஸரிலும் குறுக்கே போகும் பான்ஹார்ட் ரொட்.

அதனால்தான் கொயில் இரண்டாக உடைந்த வண்டி பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் பல நேரம் வீடு வந்து சேரும். மெயின் பட்டையில் காதுக்கு அருகே வெறும் வெடிப்பு விட்ட வண்டி, பார்க்க ஒன்றுமே இல்லாதது போல நின்று, கடைசியில் ஆளைக் கொல்லும்.

நிறுத்துவது

பின்னால் 'டங்' என்று சத்தம் கேட்டு வண்டி குந்தினால் பிரேக்கை அழுத்தி மிதிக்காதீர்கள். ஆக்சிலேட்டரை விட்டு, இருக்கும் கியரிலேயே வேகத்தைக் குறைத்து, கடைசியில் மட்டும் லேசாக பிரேக். காரணம் மேலே சொன்னதுதான்: பிடிப்பு போன அக்சலை பிரேக் பின்னால் இழுக்கும்.

முடிந்தவரை மலைப் பக்கம் ஒதுக்கி நிறுத்துங்கள். வளைவில் நிற்க வேண்டாம், இன்னும் கொஞ்சம் உருண்டால் நேரான இடம் வரும் என்றால் அங்கே போங்கள். மழைக்காலத்தில் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மலைப் பக்கம் என்பது மண்சரியும் பக்கமும்கூட. மேலே புதிதாக வெட்டிய மண்சுவர், அதிலிருந்து சேற்று நீர் வடிகிறது, சின்னக் கற்கள் உருண்டு கிடக்கின்றன என்றால் அங்கே வண்டிக்கு அடியில் படுக்கவே கூடாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது; உங்கள் பிரதேச செயலகப் பிரிவுக்குச் சிவப்பு இருந்தால் வண்டியை விட்டுவிட்டு ஆட்கள் நடந்து வெளியேறுவதுதான் சரி.

நிறுத்தியதும் முதலில் கல். சக்கரத்துக்கு இறக்கப் பக்கம் இரண்டு பெரிய கல், அப்புறம்தான் கதவைத் திறந்து ஆட்கள் இறங்க வேண்டும். இறங்கினவர்களை வண்டிக்குக் கீழ்ப்பக்கம் நிற்க விடாதீர்கள். இரண்டு பக்க வளைவுக்கும் ஒவ்வொரு ஆளை டொர்ச்சோடு அனுப்புங்கள்; ஆள் இல்லையென்றால் பச்சைக் கொப்பு முறித்து ரோட்டில் போடும் பழைய வழக்கம் இன்றும் எல்லா டிரைவருக்கும் புரியும். மூடுபனி விழுந்தால் நாலு லைட்டும் மினுக்கட்டும்.

தோட்டத்து ரோட்டாக இருந்தால் அடுத்த வேலை, கொழுந்து லொறி எப்போது வரும் என்று விசாரிப்பது. கொழுந்தை எடை பார்த்ததும் அது ஸ்டோருக்கு (தேயிலை ஆலைக்கு) போயாக வேண்டும், உங்கள் வண்டி வழியை மறித்து நின்றால் பிரச்சினைதான். ஆனால் அந்த லொறிக்காரர்தான் உங்களுக்கு உதவி செய்ய மிகவும் பொருத்தமான ஆளும்கூட. பெரிய ஜக், சங்கிலி, கயிறு எல்லாம் அவரிடம் இருக்கும். ஸ்டோரில் ஃபிட்டரும் இருப்பார்.

யாருக்காவது அடிபட்டிருந்தால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ். ரோடு அடைபட்டால் பொலிஸ் 119, மண்சரிவென்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. நக்கிள்ஸ் மலைக்குள் இருக்கும் மீமுரே கிராமத்துப் பக்கம் போகிறவர்கள் ஹுன்னஸ்கிரியவைத் தாண்டுவதற்கு முன்பே வீட்டில் யாரிடமாவது பாதையைச் சொல்லிவிட்டுப் போவது நல்லது. மலை மறைவுகளில் போன் சிக்னலை நம்ப முடியாது.

ஜக் போடாமலே படுத்துப் பார்ப்பது

இன்னும் ஜக் வேண்டாம். டொர்ச்சை எடுத்துக்கொண்டு பின் சக்கரத்துக்குப் பின்னாலிருந்து எட்டிப் பாருங்கள். (நக்கிள்ஸ் பக்கமோ மழைக்காலத் தேயிலை ஓரமோ என்றால் முதலில் காலில் சவர்க்காரம் தேயுங்கள். அட்டை ஏறினால் ஸ்பானரில் கவனம் இருக்காது.)

முன் சக்கரங்களை நேராக வைத்து, இடது பக்கம் பின் அக்சலிலிருந்து பட்டையின் முன் காது போல்ட் வரை ஒரு கயிற்றால் அளந்து முடிச்சுப் போடுங்கள். அதே கயிற்றை வலது பக்கம் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் அக்சல் தன் இடத்தில் இருக்கிறது. ஒரு விரல் அளவு வித்தியாசம் வந்தாலே அக்சல் நகர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கொயில் வண்டியில் ட்ரெய்லிங் ஆர்மின் முன் போல்ட்டிலிருந்து அளக்கலாம். கயிறு இல்லையென்றால் சப்பாத்து நாடா போதும்.

அடுத்து முறிவின் நிறம். புதிதாக உடைந்த இரும்பு சாம்பல் நிறத்தில் மினுங்கும். உள்ளே பாதி துருப்பிடித்து, மீதி மினுங்கினால், அந்த வெடிப்பு முன்பே இருந்தது. இன்று மிச்சமும் போயிருக்கிறது. இதைப் பார்த்ததும் மறுபக்கத்து ஸ்பிரிங்கையும் சந்தேகப்படுங்கள். அதுவும் அதே பாரத்தை அதே வருடங்கள் சுமந்ததுதான்.

பிறகு ஸ்பிரிங்கை விட்டுவிட்டு அதன் அக்கம்பக்கத்தைப் பாருங்கள். பிரேக் ஹோஸ் இழுபட்டிருக்கிறதா, அக்சல் மேல் ஓடும் பிரேக் குழாய் நசுங்கியிருக்கிறதா, புரொபெல்லர் சாப்ட் (கியர்பொக்ஸிலிருந்து பின் அக்சலைச் சுழற்றும் தண்டு) எதிலாவது உரசுகிறதா, உடைந்த முனை டயரின் பக்கச்சுவரைக் குத்துகிறதா? ஒரு ஆளை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் ஒயில் கசிகிறதா என்று பாருங்கள். பெடல் இறங்கிப் போனால், அல்லது எங்காவது ஈரம் தெரிந்தால், மேற்கொண்டு எதுவும் யோசிக்க வேண்டாம். மலை ரோட்டில் பிரேக் இல்லாத வண்டியை யாரும் ஓட்டி இறக்குவதில்லை. லொறியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

என்ன போனால் என்ன செய்யலாம்

ஷொக் அப்சோர்பர் உடைந்தாலோ கழன்றாலோ பட்டை வண்டிக்குப் பெரிய பயமில்லை. தொங்கும் துண்டைக் கழற்றிவிட்டு அல்லது கம்பியால் மேலே கட்டிவிட்டு மெதுவாகப் போகலாம். கொயில் வண்டியில் கவனம் வேண்டும். பல வண்டிகளில் அக்சல் கீழே எவ்வளவு தொங்கலாம் என்று கட்டுப்படுத்துவதே ஷொக்தான். அது இல்லாமல் ஒரு சக்கரம் குழிக்குள் இறங்கினால் கொயில் தன் இருக்கையை விட்டு வெளியே வந்துவிடும், பிரேக் ஹோஸும் இழுபட்டு அறும். அக்சலையும் செசியையும் சேர்த்து பாரம் கட்டும் ரட்சட் பெல்ட் ஒன்றைத் தளர்வாகக் கட்டுங்கள். ஸ்பிரிங் சுருங்க இடம் இருக்க வேண்டும், ஆனால் அக்சல் கீழே விழக்கூடாது. எக்ஸோஸ்ட் குழாய் பக்கம் பெல்ட் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், உருகிவிடும்.

கொயில் உடைந்தால் அது பெரும்பாலும் அடி வளையத்தில் உடையும். வண்டி கொஞ்சம் தாழும், அவ்வளவுதான். கூரான முனை டயருக்கு எட்டாது என்றால் கட்டிவிட்டு இறங்கலாம். கொயில் முழுதாக வெளியே வந்திருந்தால் செசியைத் தூக்கி, அக்சலைக் கீழே தள்ளி, திரும்ப உட்கார வைக்க வேண்டும். இரண்டு பேர் வேலை.

பட்டையில் மெயின் அல்லாத கீழ்ப் பட்டை ஒன்று உடைந்தால், துண்டு வெளியே வந்து எதையும் குத்தாமல் கட்டிவிட்டு, பாரம் இல்லாமல் போகலாம். மெயின் பட்டை பின்பக்கம், அதாவது ஷக்கிள் பக்கம், உடைந்தால் செசி அந்தப் பக்கம் பம்ப் ஸ்டொப் ரப்பரில் வந்து உட்காரும். ஆனால் முன் பாதி முழுதாக இருப்பதால் அக்சல் இன்னும் பிடிப்பில்தான் இருக்கிறது. இதற்குக் கட்டை வைத்தியம் போதும்.

மெயின் பட்டை முன்பக்கம் உடைந்தால், சென்டர் போல்ட் அறுந்தால், யூ போல்ட் ஒன்று போனால், அங்கேதான் விஷயம் முற்றிப்போகிறது. சில வண்டிகளில் இரண்டாவது பட்டையின் முனை மெயின் பட்டையின் காதைச் சுற்றி வளைந்திருக்கும். அது இருந்தால் கொஞ்ச தூரம் காப்பாற்றும். இல்லையென்றால் இந்த நிலையில் ஓட்டக்கூடாது, சங்கிலி போட வேண்டும்.

கொயில் வண்டியில் பான்ஹார்ட் ரொட்டின் போல்ட் விழுந்தால் வண்டியின் உடல் வளைவுக்கு வளைவு பக்கவாட்டில் நழுவும். ட்ரெய்லிங் ஆர்மின் போல்ட் விழுந்தால் அக்சல் முறுக்கிக்கொள்ளும். இரண்டுக்கும் அதே தடிமனுள்ள போல்ட் கிடைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. போல்ட்டின் தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருப்பதைப் பார்த்து எடுங்கள். தலையில் ஒன்றும் எழுதாத, ஹார்ட்வெயார் கடையில் கேட் மாட்ட விற்கும் போல்ட் வேண்டாம். டிஃபெண்டரில் ஏ சட்டத்தின் பந்து மூட்டு முழுக்கக் கழன்றால் டிஃபரன்ஷியலின் (அக்சலின் நடுவில் உள்ள கியர் உருண்டையின்) மூக்கு மேலே கிளம்பி சாப்ட்டை முறிக்கும், ஆர்ம் நடுவில் முறிந்தாலும் அப்படித்தான். செசியோடு பிடிக்கும் இரும்பே துருவால் பிய்ந்து வந்திருந்தாலும் சேர்த்துச் சொல்கிறேன்: இவை மூன்றையும் ரோட்டில் சரிசெய்ய முயலாதீர்கள். ஏற்றிப்போக லொறி கூப்பிடுங்கள்.

ஜக் போடும்போது

இறக்கத்தில் ஜக் போடுவதுதான் இந்த வேலை முழுவதிலும் ஆபத்தானது. பழைய லேண்ட் ரோவரும் டிஃபெண்டரும் வைத்திருப்பவர்கள் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வண்டிகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை, கியர்பொக்ஸுக்குப் பின்னால் சாப்ட்டைப் பிடிக்கிறது. ஒரு பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினால் டிஃபரன்ஷியல் வழியாக அது சும்மா சுற்றும், மறு சக்கரமும் உருளும், ஹேண்ட் பிரேக் இழுத்தபடியே வண்டி கீழே போகும். டிஃபெண்டரில் டிஃப் லொக் (முன், பின் சாப்ட்களைச் சேர்த்துப் பூட்டுவது) போட்டு, சீரிஸ் வண்டியில் ஃபோர் வீல் லோவில் போட்டு வைத்தால் முன் சக்கரங்களும் சேர்ந்து பிடிக்கும். அப்படிப் போட்டாலும் கல் கல்தான்.

1. முன் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல். தூக்காத பின் சக்கரத்துக்கும் அப்படியே. வண்டி கியரில் இருக்கட்டும், முன் சக்கரத்தை மலைப் பக்கம் ஒடித்து வையுங்கள்.

2. பாரத்தை இறக்குங்கள். மரக்கறி மூடை, பால் கேன், கூரைமேல் கட்டியது, எல்லாம்.

3. ஜக்குக்கு அடியில் தட்டையான பலகை. ஈர மண்ணில் ஜக் நேராக நிற்பதுபோல் நின்று, பாரம் ஏறியதும் சாயும்.

4. பொட்டல் ஜக்கைச் செசிக்கு அடியில் வையுங்கள், அக்சலுக்கு அடியில் அல்ல. நீங்கள் திறக்க வேண்டியது இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை. அக்சலையும் தூக்க வேண்டியிருந்தால் அதற்கு இரண்டாவது ஜக். உயரமான பண்ணை ஜக் சமதரையில் சரி, சரிவில் அதைத் தொடாதீர்கள்.

5. ஸ்பெயார் வீலைப் படுக்க வைத்துச் செசிக்கு அடியில் தள்ளுங்கள். ஜக் நழுவினால் வண்டி அதன்மேல் உட்காரும், உங்கள் மேல் அல்ல.

6. கையை விடலாம், தலையை விடக்கூடாது. தலை உள்ளே போக வேண்டிய வேலையென்றால் அது ரோட்டில் செய்யும் வேலையே இல்லை.

கட்டையும் சங்கிலியும்

கட்டைக்கு எந்த மரமும் ஆகாது. சவுக்கு, அதாவது தேயிலைக்கு நிழலுக்கு வைக்கும் கிரவில்லியா, லேசாகப் பிளக்கும். பழைய தேயிலைத் தூர் அல்லது கொய்யா கிடைத்தால் நல்லது. லயங்களில் விறகுக்கு வைத்திருக்கும் காய்ந்த டர்பன்டைன் மரக் கட்டையும் தாங்கும். உடையாத பக்கத்தில் அக்சலுக்கும் செசிக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து, அதைவிடக் கொஞ்சம் குட்டையாக வெட்டுங்கள். அடிப்பக்கத்தில் அக்சல் குழாய் உட்காரும்படி கத்தியால் ஒரு பள்ளம் செதுக்குங்கள், மேற்பக்கம் தட்டையாக இருக்கட்டும். பிரேக் குழாய் அக்சலின் மேலேதான் ஓடும். கட்டையின் பள்ளம் அதன்மேல் அமர்ந்தால் ஜக்கை இறக்கியதும் குழாய் நசுங்கிவிடும். விரலை விட்டுத் தடவிப் பார்த்த பிறகே இறக்குங்கள்.

கட்டையை அக்சலோடு ஒரு கட்டு, அக்சலையும் செசியையும் சேர்த்து இன்னொரு கட்டு. முதல் கட்டு மட்டும் போட்டால் முதல் குழியிலேயே செசி மேலே எழும்பி, கட்டை சரிந்து, திரும்ப உட்காரும்போது வேறு எதையாவது உடைக்கும்.

சங்கிலி போட வேண்டிய நிலையில் விசை எந்தப் பக்கம் போகிறது என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது அக்சல் பின்னால் போகப் பார்க்கும். ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது, பின் சக்கரம் வண்டியைத் தள்ளுவதால், அக்சல் முன்னால் போகப் பார்க்கும். அக்சலிலிருந்து பட்டையின் முன் காது மாட்டியிருக்கும் செசி இரும்பு வரை சங்கிலி இழுத்துக் கட்டினால் பின்னால் போவதைத் தடுக்கும். முன்னால் வருவதைத் தடுக்காது. அதாவது இறக்கத்துக்கு உதவும், ஏற்றத்துக்கு உதவாது.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. பின் புரொபெல்லர் சாப்ட்டைக் கழற்றிவிட்டு, முன் சக்கரத்தில் ஓடுவது. அப்போது ஏற்றத்திலும் பின் அக்சல் இழுபட்டுக்கொண்டே வரும், சங்கிலியும் இறுக்கமாகவே இருக்கும். சீரிஸ், ஹைலக்ஸ் போன்றவற்றில் ஃபோர் வீல் போட்டு, முன் ஹப் பூட்டு இருந்தால் பூட்டி ஓட்டலாம். டிஃபெண்டரில் டிஃப் லொக் போட்டு ஓட்டலாம். சாப்ட் இல்லாத லேண்ட் ரோவரில் ஃபோர் வீலோ டிஃப் லொக்கோ விடுபட்டால் ஹேண்ட் பிரேக் எதையும் பிடிக்காது. சில வண்டிகளில் சாப்ட்டின் முனை கியர்பொக்ஸுக்குள்ளேயே நுழைந்திருக்கும், கழற்றினால் ஒயில் கொட்டும். அவற்றில் இது வேண்டாம். எப்படி இருந்தாலும் ரிவர்ஸ் மட்டும் எடுக்கவே கூடாது. ரிவர்ஸில் பிரேக் பிடித்தால் சங்கிலிக்கு வேலையே இல்லை.

சங்கிலிக்குப் பதில் நைலோன் கயிறு நீளும், ஈரத்தில் இன்னும் நீளும். ஏதுமில்லையென்றால் தடித்த ரட்சட் பெல்ட் இரண்டு போடுங்கள்.

இறங்கி வருவது

ஆட்கள் நடந்து வரட்டும் அல்லது வேறு வண்டியில் வரட்டும். உள்ளே டிரைவர் மட்டும். லோ ரேஞ்சில் முதல் கியர், எஞ்சினே வண்டியைப் பிடிக்கட்டும். நடந்து வருகிற ஆள் கூடவே வரக்கூடிய வேகம் போதும். பின்னால் ஒருவர் சற்று விலகி நடந்து கட்டையையும் சங்கிலியையும் பார்த்துக்கொண்டே வரட்டும். "அண்ணே, நிப்பாட்டுங்க" என்று அவர் கத்தினால் ஏன் என்று கேட்காமல் நிறுத்த வேண்டும்.

பிரேக் தேவைப்பட்டால் வளைவுக்கு முன்னால் நேரான இடத்தில் பிடித்து, வளைவில் காலை எடுத்துவிடுங்கள். கான் (வடிகால்) குறுக்கே போகும் இடத்தில் இரண்டு பின் சக்கரமும் ஒன்றாக இறங்கும்படி நேராகப் போங்கள். சாய்வாக ஏறினால் கட்டை வைத்த பக்கம் விறைத்து நிற்கும், மறுபக்கம் முழுப் பாரத்தையும் வாங்கும். முதல் நூறு மீட்டரில் ஒரு முறை நிறுத்திக் கட்டுகளை இறுக்குங்கள். பிறகு கிலோமீட்டருக்கு ஒரு முறை.

டபள் கெப் ஓட்டுகிறவர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று. ஹைலக்ஸ் போன்ற பல கெப்களில் பின் அக்சலுக்கும் செசிக்கும் நடுவில் ஒரு கம்பியும், அதன் முனையில் ஒரு பிரேக் வால்வும் இருக்கும். பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்ப பின் பிரேக்குக்கு அழுத்தம் அனுப்புவது அதன் வேலை. ஸ்பிரிங் உடைந்து பின்பக்கம் குந்தினால் வால்வு அதை நிறைய பாரம் என்று எடுத்துக்கொள்ளும், வெறும் வண்டியின் பின் சக்கரத்துக்கு முழு பிரேக் கொடுக்கும். ஈரத் தாரில் அந்தச் சக்கரங்கள் லொக் ஆகிப் பின்பக்கம் வழுக்கும். கினிகத்தேனையிலிருந்து கீழே இறங்குகிற வளைவுகளிலோ ரம்பொடையிலோ இது நடக்க விடக்கூடாது. அதனால்தான் எஞ்சின் பிரேக் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

பெரிய ரோட்டுக்கு வந்துவிட்டால் உங்கள் வீரம் அங்கேயே முடியட்டும். கட்டை வைத்த வண்டியை ஹட்டன் ரோட்டில் பஸ்களுக்கு நடுவே ஓட்டுவதற்கில்லை. வசதியான இடத்தில் நிறுத்திவிட்டு ரிகவரி லொறிக்குச் சொல்லுங்கள்.

கராஜில் விட்டுக்கொடுக்கக் கூடாதவை

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை எங்கே போனாலும் பட்டை வேலை தெரிந்த பாஸ்மார் (மெக்கானிக்குகள்) இருக்கிறார்கள். கைவேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் அவசரத்துக்கும் செலவுக்கும் பயந்து நாமே கேட்டு வாங்கும் சில வேலைகள்தான் வண்டியைத் திரும்ப உடைக்கின்றன.

உடைந்த பட்டையை வெல்டிங் வைக்கச் சொல்லாதீர்கள். அது சூடேற்றிக் குளிர்வித்துப் பதப்படுத்திய இரும்பு. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும், ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே திரும்ப முறியும். கொயிலை வெட்டிக் குட்டையாக்குவதும் சூடாக்கித் தாழ்த்துவதும் இதே ரகம்தான்.

ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி சாய்ந்தே நிற்கும். ஜோடியாக மாற்றுங்கள். புதியது கட்டாது என்றால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய செட் கிடைக்கும். ஆனால் பட்டைகளைப் பிரித்து, நடுத் துளையைச் சுற்றி மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வர்ணம் பூசி விற்பதைச் சுரண்டிப் பார்க்கத் தயங்க வேண்டாம்.

கூடுதலாக ஒரு பட்டை செருகுவது பற்றி எனக்குக் கடுமையான அபிப்பிராயம் உண்டு. சிவனொளிபாதமலை சீசனில் நல்லதண்ணிப் பக்கம் ஆள் ஏற்றுகிற ஜீப்களிலும், மரக்கறி ஏற்றுகிற கெப்களிலும் இதைச் சாதாரணமாகச் செய்கிறார்கள். பட்டை உடைவது நிற்கும், உண்மைதான். அந்த அதிர்ச்சி எங்கே போகும்? காது மாட்டியிருக்கும் செசி இரும்புக்குப் போகும். பட்டை உடைந்தால் பட்டை மாற்றலாம், செசி பிய்ந்தால் வண்டியையே மாற்ற வேண்டும். பாரத்தைக் குறைப்பதற்குப் பதிலாகப் பட்டையைக் கூட்டுவது பழுதை இடம் மாற்றுவது மட்டும்தான்.

யூ போல்ட்களும் சென்டர் போல்ட்டும் புதிதாகவே இருக்க வேண்டும். ஒரு முறை இறுக்கிய யூ போல்ட் நீண்டுவிட்டிருக்கும், திரும்ப அதே பிடி பிடிக்காது. நாலு நட்டையும் குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். காது, ஷக்கிள் போல்ட்களை வண்டி ஜக்கில் தொங்கும்போது கடைசி இறுக்கு இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் நின்று, வண்டியின் பாரம் ஏறிய பிறகே இறுக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே இருக்கும் ரப்பர் புஷ் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழிந்துபோகும். மலையகத்துப் புஷ்கள் ஆயுள் குறைவு என்று சொல்வார்களே, அதில் பாதி இந்த வேலைதான்.

இழுபட்ட பிரேக் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே பிய்ந்திருக்கலாம், மாற்றிவிடுங்கள். அக்சல் நகர்ந்திருந்தால் சாப்ட்டின் யூனிவர்சல் மூட்டுகளையும் ஆட்டிப் பாருங்கள். கடைசியில் அந்தப் பழைய கயிற்று அளவு, இடது வலது இரண்டும், பாஸின் கண் முன்னாலேயே.

வண்டியில் என்ன வைத்திருக்கலாம்

உங்கள் வண்டிக்குப் பொருந்தும் சென்டர் போல்ட் இரண்டு, யூ போல்ட் ஒரு செட், நாலு மீட்டர் சங்கிலி, ரட்சட் பெல்ட் இரண்டு, பொட்டல் ஜக், பலகை, செதுக்க ஒரு கத்தி, டொர்ச். இதற்குமேல் சுமந்தால் அதுவும் அதே பின் ஸ்பிரிங்குக்குத்தான் பாரம். மீமுரே, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்து ஒதுக்கு ரோடுகள் என்று அடிக்கடி போகிறவர்கள் ஒரு மெயின் பட்டையைச் செசி ஓரமாகக் கட்டி வைத்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது.

மாதம் ஒரு முறை வண்டியைக் கழுவிய பிறகு, சேறு இல்லாதபோது, பட்டைகளைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்லது கணீர் என்று கேட்கும், வெடித்தது அடைத்த சத்தம் தரும். யூ போல்ட் நட்டைச் சுற்றிச் செந்துரு தூளாகப் படிந்திருந்தால் அது தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். புதிய யூ போல்ட் போட்ட வண்டியை முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒரு முறை, 500இல் இன்னொரு முறை திரும்ப இறுக்க வேண்டும். இதற்குக் கராஜ் போகத் தேவையில்லை. சரியான ஸ்பானரும் ஒரு நீளக் குழாயும் இருந்தால் வாசலிலேயே முடிந்துவிடும்.